தலைக்கட்டுக் கணக்கு

கேள்வி: எனக்கு 31 வயது. தாம்பரத்தில் தங்கி வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. தங்கை கல்யாணக் கடனை நான்தான் அடைத்தேன். ஆனால் ஊர்ப் பொங்கலுக்கு வரி போட்டபோது, கல்யாணம் ஆகாததால் எனக்குத் தலைக்கட்டு கிடையாது என்றுவிட்டார்கள். அம்மா பேரில் அரை வரி வாங்கிக்கொண்டார்கள். போன வைகாசியில் கல்யாணம் முடித்த என் சித்தப்பா மகனுக்கு 23 வயதுதான், அவனுக்கு உண்டு! நான் எப்போதுதான் பெரிய ஆள் ஆவது?
- பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: தம்பி, உங்கள் வயதுக்கு நீங்கள் ராஜ்யசபா எம்.பி. ஆகலாம், அதற்கு 30 போதும். சட்டசபைக்கு 25-லேயே நின்றிருக்கலாம். ஊரில் தலைக்கட்டு ஆவதுதான் கஷ்டம்.

நகரத்து வாசகர்களுக்காக ஒரு வரி: கோவில் திருவிழாச் செலவைக் குடும்பத் தலைக்கு இவ்வளவு என்று ஊர் பிரித்துக்கொள்ளும். அப்படி எண்ணப்படுகிற தலைதான் தலைக்கட்டு. பல ஊர்களில் கல்யாணமான ஆண் என்றால் ஒரு தலைக்கட்டு.

நம் நாட்டில் இந்த வயதுக் கணக்கே கொஞ்சம் கோணல்தான். 18 நிறைந்தால் மேஜர் என்று 1875-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓட்டுப் போட மட்டும் 1989 வரை 21 ஆகக் காத்திருக்க வேண்டும். குறைத்த அந்த வருடம் எனக்கு 19. முதல் ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையைக் காட்டி அப்பாவிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கினேன்.

1994-ல் எனக்குக் கல்யாணம். அடுத்த சித்திரைப் பொங்கலுக்கு வரி நோட்டில் என் பெயர் ஏறியது. 150 ரூபாய், கொடுத்தது அப்பா. எனக்கு அப்போது வேலை கிடையாது, டீக்கடைக் கணக்கும் அவர் பேரில்தான். ஆனாலும் கூட்டத்தில் "நீ என்னப்பா சொல்றே?" என்று என்னைக் கேட்டார்கள். கிடா வெட்டியதும் கறிப் பங்கு தனியாக வந்தது. அதைச் சமைத்தது அம்மா.

அப்பாவுக்கு மொய்க் கணக்கு நினைவில் நிற்காது. விசேஷத்துக்குக் கிளம்பும்போது திண்ணையிலிருந்து, "அவுகளுக்கு நாம என்ன செய்யணும்?" என்பார். "நம்ம மூத்தவன் காதுகுத்துக்கு 51 ரூபாயும் ஒரு மரக்கால் நெல்லும் வந்துச்சு" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். யார் வீட்டுக்கு எப்போது எவ்வளவு, எந்தக் குழிக்கு என்ன விதை, எந்தக் கடனை முதலில் அடைப்பது, எல்லாம் அம்மாதான்.

2011-ல் அப்பா போய்விட்டார். மறு வருடம் வரி நோட்டில் அம்மா பேருக்கு நேரே 'அரை' என்று எழுதினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, விதவைக்குச் சலுகை என்றுதான் நினைத்தார்கள். கறியும் பாதிப் பங்குதான் வந்தது. 13 வயதில் தாய்மாமன் குச்சு கட்ட, ஊரே கூடிப் 'பெரிய மனுஷி' என்று பட்டம் கொடுத்ததும் இவருக்குத்தான்.

கூட்டத்தில் முழுத் தலைக்கட்டாக நானும் உட்கார்ந்திருந்தேன். 42 வயது. வாயைத் திறக்கவில்லை.

மறு வருடம் அம்மாவே முழுப் பணத்தையும் எண்ணி என் கையில் கொடுத்து, "அரைக் கும்பிடு போட எனக்குத் தெரியாது, முழுசா எழுதச் சொல்லு" என்றார். அவர்கள் யோசித்து, பாதியை வரி என்றும் மீதியை நன்கொடை என்றும் எழுதிக்கொண்டார்கள். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் இதில் என் பங்கு.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த 'அம்மா பேரில் அரை வரி' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கோபம் நியாயம்தான், 23 வயதுப் பையனைச் சொன்னதும் சரி. ஆனால் அந்த அரைக்கு நீங்கள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வரிக் கூட்டத்துக்கு லீவு போட்டுப் போங்கள். தலைக்கட்டு இல்லாதவன் பேசக்கூடாது என்று யாராவது முறுக்கிக்கொண்டால், உட்காராமல் ஓரமாக நின்று பேசுங்கள். முதலில் அம்மா வரி, அப்புறம் உங்களுடையது.

அதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வரியே போதும், மிச்சக் காசுக்கு அம்மனுக்குப் பூ வாங்கு என்றும் அவர் சொல்லக்கூடும்.