சி.டி. ஸ்கேனில் தெரியாத வீக்கம்

கேள்வி: பிரசவமான மூன்றாம் நாள் என் மகளுக்கு வலிப்பு வந்து பார்வை மங்கியது, ரத்த அழுத்தம் 190/120. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றவர்கள், எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னது ஏன்?

பதில்: சி.டி. ஸ்கேனை முதலில் எடுப்பது மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று விரைவாகப் பார்க்கத்தான். ரத்த அழுத்தம் திடீரென எகிறும்போது நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, பெரும்பாலும் பார்வைக்குரிய பின்பக்க மூளையில் ஏற்படும் வீக்கம் ('பிரெஸ்' எனப்படும், மீளக்கூடிய பின்மூளைப் பாதிப்பு) சி.டி.யில் தெரியாமலே போகலாம், திசுவில் தேங்கிய நீரை எடுத்துக்காட்டும் எம்.ஆர்.ஐ.யின் 'ஃப்ளேர்' படத்திலோ இருபுறமும் வெண்திட்டுகளாகத் துலங்கும். அது பக்கவாதமா, வெறும் நீர்க்கசிவா என்பதை திசுவில் நீர் எவ்வளவு தடையின்றி நகர்கிறது என்று காட்டும் 'டிஃப்யூஷன்' எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். 1996-இல் விரிவாக விவரிக்கப்பட்ட இந்நோய்க்கு 'மீளக்கூடியது' என்ற பெயர் இருந்தாலும், சிகிச்சை தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு நேரலாம் என்பதால், படத்துக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்குவார்கள்.