வாக்கில்லாத வருஷங்களிலும் நகரசபைத் தேர்தல் உங்களுடையதுதான்

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறீர்கள், கையில் பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தெருவெல்லாம் வேட்பாளர்களின் பலகைகள். தமிழ் வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் வந்து கதவைத் தட்டி "வாக்குப் போடுங்கோ" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களுக்கு வாக்கு இருக்கிறதா, இவர்கள் எந்தக் கட்சி, உங்களைப் போன்றவர்கள் இதைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். அண்ணாவும் அண்ணியும் சிட்டிசன் எடுத்துப் பல வருஷமாகியும் நகரசபைத் தேர்தலுக்குப் போனதே இல்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வாக்கு உங்களுக்கு இப்போது இல்லை. ஒன்ராறியோவில் கனடியக் குடியுரிமையும் 18 வயதும் வேண்டும். அந்த நகரத்தில் வசிக்க வேண்டும், அல்லது அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ ஓர் இடம் இருக்க வேண்டும். பிஆர் உள்ளவர்களுக்கும் வாக்குத் தரும்படி ரொறன்ரோ நகரசபை 2013இல் மாகாணத்திடம் கேட்டது. மாகாணம் இன்றுவரை தரவில்லை. வரி கட்டி, வாடகை கட்டி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வாழ்கிறவர்களுக்கு வாக்கு மறுக்கப்படுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தவறுதலாக உங்கள் பெயருக்கு வாக்காளர் அட்டை வந்தாலும் சரி, யாராவது "பரவாயில்லை, வந்து போடுங்கோ" என்று சொன்னாலும் சரி, போகவே வேண்டாம். உரிமை இல்லாமல் வாக்களிப்பது குற்றம். நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிற உங்களுக்கு அந்த வம்பு தேவையில்லை.

கட்சி விஷயம் ஊரிலிருந்து வருகிற எல்லோரையும் குழப்பும். யாழ்ப்பாணத்தில் கட்சிப் பட்டியல், சின்னம், பிறகு சபை கூடி மேயரைத் தெரிவது என்று பார்த்திருப்பீர்கள். இங்கே வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இராது. மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்கிறார்கள். வட்டாரத்துக்குரிய உறுப்பினருக்குத் தனி வாக்கு. பாடசாலைகளை நடத்தும் கல்விச்சபைக்கும் அதே நாளில் வாக்களிப்பதுதான் வழக்கம். நீங்கள் ரோமன் கத்தோலிக்கர் என்றால் கத்தோலிக்கக் கல்விச்சபை ஆதரவாளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் 2025இல் ரொறன்ரோவின் இரண்டு ஆங்கிலக் கல்விச்சபைகளையும் மாகாணம் தன் மேற்பார்வையில் எடுத்துவிட்டதால், அங்கே தெரிவாகிறவர்களின் கை முன்புபோல் நீளாது.

சரி, ஏன் யோசிக்க வேண்டும்? மத்திய, மாகாண, நகர என்ற மூன்று அரசாங்கங்களில் உங்கள் வீட்டு வாசல்வரை வருவது இந்த ஒன்றுதான். நீங்கள் இருக்கிற பேஸ்மென்டையே எடுங்கள். வாடகைச் சட்டம் மாகாணத்தின் கையில். ஆனால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 பாகை வெப்பம் இருக்க வேண்டும் என்பது நகரத்தின் விதி. ஹீற்றர் வேலை செய்யவில்லை, வீட்டுக்காரர் பேசாமல் இருக்கிறார் என்றால் நகரத்தின் உதவி எண்ணான 311க்கு அடித்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் தருவார்கள். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. பல பேர் தனித்தனி அறையெடுத்து ஒரே சமையலறையைப் பங்குபோடுகிற வீடுகள் ஸ்காபரோவில் நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தன. பழைய ரொறன்ரோவில் அனுமதி, இங்கே தடை. அதனால் புதிதாக வந்த மாணவர்களும் தொழிலாளர்களும் பாதுகாப்பில்லாத வீடுகளில் வாயைத் திறக்காமல் கிடந்தார்கள், முறைப்பாடு செய்தால் தெருவுக்குத்தான் போகவேண்டும் என்ற பயத்தில். அந்தத் தடையை நீக்கி நகரம் முழுவதற்கும் ஒரே அனுமதி முறையைக் கொண்டுவந்தது நகரசபை; 2024 மார்ச் 31இல் நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றத்தில் அல்ல, நகரசபையில் கையுயர்த்தி முடிவான விஷயம் இது. வருஷக்கணக்காக இழுபட்டதும் அங்கேதான்.

பஸ்ஸும் அப்படித்தான். ஸ்காபரோவின் ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு, சிலர் காயப்பட்டு, அத்தோடு நிரந்தரமாக நின்றுபோனது. கெனடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ சென்ரர்வரை சனங்கள் பஸ்ஸில் நெரிபடுகிறார்கள். சப்வே நீட்டுவது மாகாணத்தின் வேலை, ஆனால் எத்தனை பஸ் விடுவது, பஸ்ஸையும் சப்வேயையும் ஓட்டும் ரி.ரி.சிக்கு எவ்வளவு காசு ஒதுக்குவது என்பதெல்லாம் ரொறன்ரோவின் வரவுசெலவுத் திட்டத்தில்தான் முடிவாகும். இரவு வேலை முடிந்து நாற்பது நிமிஷம் பஸ்ஸுக்கு நிற்கிறவர் யாரோ, அவருக்கு இந்தத் தேர்தலை விட நெருக்கமான தேர்தல் வேறில்லை.

மேயர் பதவி முன்பிருந்ததை விட இப்போது கனமானது. 2022இல் ரொறன்ரோவுக்கும் ஒட்டாவாவுக்கும் கொடுத்த 'பலமான மேயர்' அதிகாரங்களை மாகாணம் மெல்ல மெல்லப் பரப்பி, 2025 மே மாதத்திலிருந்து 216 நகரங்களுக்குக் கொடுத்திருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தை மேயரே முன்வைக்கலாம். சபை மாற்றினால் தடுக்கலாம். அதை முறியடிக்கச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மாகாண முன்னுரிமை என்று சொல்லப்படும் சில விஷயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவோடு விதியே நிறைவேற்றலாம். எனக்கு இது நல்லதாகப் படவில்லை. ஆனால் அதனால்தான் மேயர் யார் என்பதைக் கவனிக்காமல் விடவே முடியாது.

சபை உறுப்பினர் தெரிவையும் அப்படி விடமுடியாது. 2018இல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே மாகாண அரசு ரொறன்ரோவின் வட்டாரங்களை 47இலிருந்து 25ஆகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021இல் ஐந்துக்கு நான்கு என்று மாகாணத்துக்குச் சாதகமாக முடிந்தது. இப்போது ஒரு உறுப்பினருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சனம். அவ்வளவு பெரிய வட்டாரத்திலும் வெற்றி சொற்பத்தில் தீரும். அதே 2018இல் ஸ்காபரோ-ரூஜ் பார்க் வட்டாரத்தில் தமிழ் வேட்பாளர் நீதன் சாண், ஜெனிபர் மெக்கெல்வியிடம் தோற்றது 154 வாக்குகளால். ஒரு கலியாண மண்டபத்தை நிரப்பவும் காணாத சனம் அது. அந்த இடத்துக்கே 2025 இடைத்தேர்தலில் நீதன் சாண் வந்து சேர ஏழு வருஷம் எடுத்தது.

நம்மவர்கள் சபைக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். 2006இல் பக்கத்து நகரமான மார்க்கத்தில் லோகன் கணபதி தொடங்கி வைத்தது. பிறகு அங்கே யுவனிதா நாதன், ஸ்காபரோவில் பார்த்தி கந்தவேள். ஆனால் தமிழ்ப் பெயர் என்பதற்காக மட்டும் யாருக்கும் தலையாட்ட வேண்டாம். கதவைத் தட்டுகிறவர் தமிழில் பேசினால் நல்லது, தமிழிலேயே கேளுங்கள். எங்கள் ரோட்டு பஸ்ஸைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வாடகைக்காரரின் முறைப்பாட்டுக்கு உங்கள் அலுவலகத்தில் யார் பதில் சொல்வார்? சொத்துவரியைக் கூட்டமாட்டேன் என்று சொன்னால், எந்தச் சேவையை வெட்டப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

வாக்கில்லாமலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிடித்த வேட்பாளருக்குத் தொண்டராகப் போங்கள். போன் எடுக்கவும் கதவு தட்டவும் குடியுரிமை யாரும் கேட்பதில்லை. ஒன்ராறியோவில் வசிக்கிறவர் சட்ட வரம்புக்குள் நன்கொடையும் கொடுக்கலாம். ஜனவரியில் வரவுசெலவுத் திட்டம் வரும்போது பொதுமக்கள் ஸ்காபரோ சிவிக் சென்ரருக்குப் போய்ப் பேசலாம். பேர் கொடுத்தால் சில நிமிஷம் தருவார்கள். புதிதாக வந்த ஒருத்தி தன் பேஸ்மென்டைப் பற்றி, தன் பஸ்ஸைப் பற்றி நேரில் சொல்லும்போது உறுப்பினர்கள் நிமிர்ந்து கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷத்துக்குள் 1,095 நாள் இங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தத் தேர்தல் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை என்பதால், அடுத்ததற்கு நீங்கள் வாக்காளராக நிற்க வாய்ப்பு நிறையவே உண்டு.

இனி அண்ணாவும் அண்ணியும். 2022இல் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் பத்தில் மூன்று பேர் அளவில்தான். வாக்களிக்கப் போகாததில் அண்ணாவும் அண்ணியும் தனியாக இல்லை. இந்தத் தேர்தல் 2026 ஒக்டோபர் 26, திங்கட்கிழமை, மாகாணம் முழுவதும் ஒரே நாள். முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களும் இருக்கும், வேலை என்று சாட்டுச் சொல்ல இடமில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒன்ராறியோ தேர்தல் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் வீடு மாறியவர்களின் பெயரும் பேஸ்மென்டில் இருக்கிறவர்களின் பெயரும்தான் அடிக்கடி விடுபடும். விடுபட்டிருந்தாலும் ரொறன்ரோவில் வாக்குச்சாவடியிலேயே சேர்த்துக்கொள்வார்கள். பெயரும் முகவரியும் உள்ள ஒரு ஆவணம், வங்கிக் கூற்றோ ஹைட்ரோ (மின்சார) பில்லோ போதும், படம் போட்ட அட்டை கட்டாயமில்லை. மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அங்கே இணையத்திலேயே வாக்களித்துப் பழகியவர்கள் இருப்பார்கள், கேட்டுப்பாருங்கள். அண்ணாவுக்கு வேறு நகரத்திலும் வீடு இருந்தால் அங்கேயும் அவருக்கு ஒரு வாக்கு உண்டு. அது அநேகம்பேருக்குத் தெரியாது.

பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று அண்ணி சொன்னால், அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.