வௌவாலுக்கு வலை எதற்கு? நீர்நாய்க்கு வேலி எப்படி?

வாசகர் கேள்வி பதில்

“இதை எப்படி விரட்டுவது?” என்று கேட்டுத்தான் இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பிராணி எந்த நேரத்தில், எதற்காக அங்கே வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சமாகும். சில சமயம் விரட்டவே தேவையிருக்காது. முதல் கேள்வியே அப்படிப்பட்டதுதான்.

கே: எங்களிடம் நாற்பது டுரியான் மரங்கள் இருக்கின்றன. பூக்கும் பருவத்தில் இரவெல்லாம் வௌவால் கூட்டம். விடிந்து பார்த்தால் மரத்தடி முழுக்கப் பூ கொட்டிக் கிடக்கிறது. மரத்தைச் சுற்றி நைலான் வலை கட்டலாமா?
— வாசகர், பாலேக் பூலாவ்

ப: கட்டாதீர்கள். கொட்டிக் கிடப்பதை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் இதழும் மகரந்தத்தாளும்தான் இருக்கும். காயாக வேண்டிய சூலகம் கிளையிலேயே நிற்கிறது. டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, இரவு ஏழு எட்டு மணிவாக்கில் மகரந்தத்தை வெளிவிடும். விடிவதற்குள் இதழும் மகரந்தத்தாளும் தாமாகவே உதிர்ந்துவிடும். வௌவால் வராவிட்டாலும் காலையில் அந்தக் குப்பையைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

இரவில் வருவது பெரும்பாலும் தேன் குடிக்கும் குகை வௌவால். பழந்தின்னி வௌவாலைவிட மிகச் சிறியது. நீண்ட நாக்கால் தேனை நக்கிவிட்டு, முகத்தில் ஒட்டிய மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகும். டுரியானுக்கு வேண்டியது இந்தப் பயணம்தான். பல டுரியான் ரகங்கள் தம் சொந்த மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிப்பதில்லை, வேறு ரகத்தின் மகரந்தம் வர வேண்டும். தோட்டம் முழுக்க மூசாங் கிங் மட்டும் நட்டுவிட்டு, பூத்தும் காய்க்கவில்லையே என்று உரக்கடைக்கு ஓடுபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கெலுவாங் எனும் பெரிய பழந்தின்னி வௌவாலும் பூவை நாசம் செய்வதில்லை. தியோமான் தீவில் மரத்தின் மேலேயே கேமரா கட்டி நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கெலுவாங் தேனைக் குடித்துவிட்டுப் பூவைச் சேதமின்றி விட்டுச் செல்வது அதில் பதிவாகியிருக்கிறது.

மெல்லிய நைலான் வலையில் சிக்கிய வௌவால் இறக்கை கிழிந்து சாகும். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால் இழப்பு சீக்கிரம் ஈடாகாது. விழும் பழத்தைத் தாங்க மரத்தடியில் கட்டும் வலை வேறு, அதில் தவறில்லை.

காய்ப்பு குறைவுக்கு உண்மையான காரணத்தைத் தெரிந்துகொள்ள ஒரே இரவு போதும். கை எட்டும் கிளைகளில், அன்று விரியப்போகும் மொட்டுகளைப் பிற்பகல் மூன்று மணிக்குள் நான்கு பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது முப்பது பூவாவது இருக்கட்டும். முதல் பகுதியைப் பூச்சிவலைப் பையால் மூடிவிடுங்கள். இரண்டாவதையும் மூடி, இரவு எட்டு மணிக்குப் பையைத் திறந்து வேறு ரக மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் சூல்முடியில் தடவி மறுபடி மூடுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். நான்காவதைத் திறந்தே விட்டு, கையாலும் தடவுங்கள். மறுநாள் காலை பைகளைக் கழற்றிவிட்டு, மூன்று வாரம் கழித்துப் பிஞ்சுகளை எண்ணுங்கள். மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய சமமாக இருந்தால் வௌவாலும் தேனீயும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன என்று அர்த்தம். நான்காவதில் தெளிவாகக் கூடுதலென்றால் மகரந்தம் போதவில்லை. கையால் தடவிய இரண்டிலுமே பிஞ்சு இல்லையென்றால் குறை நீரிலோ உரத்திலோ இருக்கிறது. பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: அதே ரகத்தின் மகரந்தத்தையே எடுத்துத் தடவிவிடுவார்கள்.

இன்னொன்று. டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரம். மீதி நாளெல்லாம் இந்த வௌவாலுக்கு வாழைப்பூ, பெத்தாய் பூ, சதுப்புநிலத்து பெரெம்பாங், பெரெபாட் பூக்கள் வேண்டும். பத்துமலைக் குகை வௌவால்கள் இரை தேடி 38 கிலோமீட்டர் வரை பறப்பதை 1970களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். கடலோரச் சதுப்பு மரத்தை வெட்டினால் மலையடிவாரத் தோட்டத்தில் காய் குறைவது இப்படித்தான்.

கே: மீன் குளத்தில் இரவோடு இரவாகத் தீலாப்பியா காணாமல் போகிறது. நீர்நாய் என்கிறார்கள், பியாவாக் (உடும்பு) என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது?
— வாசகர், நிபோங் தெபால்

ப: கரையைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு ஈர மணலைப் பரப்பி, மாலையில் தட்டிச் சமப்படுத்துங்கள். காலையில் ஐந்து விரல் தடம், விரலிடையில் சவ்வின் அடையாளம் என்றால் நீர்நாய். நான்கு விரல் என்றால் நாய் அல்லது பூனை. நடுவில் வால் இழுத்த நீளக்கோடும் இருபுறமும் நகக்கீறலும் தெரிந்தால் பியாவாக். எச்சமும் பேசும். மீன் செதில் நிறைந்து, மீன் கவிச்சியோடு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் பெரும்பாலும் மென்மயிர் நீர்நாய்க் குடும்பம். நண்டு ஓட்டுத் தூளாகவே இருந்தால் சிறுநக நீர்நாய், அது உங்கள் தீலாப்பியாவுக்குப் பெரிய ஆபத்தில்லை.

கேமரா வைப்பதானால் தண்ணீரை நோக்கி வைக்காதீர்கள். நீரிலிருந்து எழும் நீர்நாயின் மேல்மயிர் தண்ணீர் அளவுக்கே குளிர்ந்திருப்பதால் வெப்ப உணரி அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். எச்சம் கிடக்கும் மேட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டி, படத்துக்குப் பதில் வீடியோவில் ஓடவிடுங்கள்.

தடுப்பு வேலிதான் தீர்வு. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை, குறைந்தது 1.2 மீட்டர் உயரம். மேல்விளிம்பில் 30 சென்டிமீட்டரை வெளிப்பக்கம் சாய்த்து மடியுங்கள், அது ஏறுவதைத் தடுக்கும். அடியிலும் அதே அளவு வெளிப்பக்கம் மடித்து மண்ணில் புதையுங்கள், தோண்டினால் கம்பி தட்டும். இவ்வளவும் செய்து தோற்பவர்கள் எல்லாரும் நீர் வரும் குழாயையும் வடிகாலையும் மறந்தவர்கள். அங்கே இரும்புக் கிராதி போட்டு, வாரம் ஒருமுறை குப்பையை எடுங்கள். குளத்தின்மேல் தளர்வாக வலை விரிப்பது மோசமான யோசனை. நீரில் தொய்ந்த வலையில் கொக்கும் சிக்கும், நீர்நாயும் மூழ்கிச் சாகும்.

பொறி, விஷம் பக்கமே போகாதீர்கள். நீர்நாய்கள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. தொல்லை தாங்கவில்லையென்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தை ஒழித்தாலும் காலியான ஆற்றுப்பகுதிக்கு இன்னொரு குடும்பம் வந்துசேரும்.

கே: மாணவர்களோடு தஞ்சோங் பூங்கா பக்கத்து லோத்தோங் குரங்குகளை ஆய்வு செய்ய ஆசை. கருவி எதுவும் இல்லை. எதை, எப்படி எழுதி வைப்பது?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பினாங்கு

ப: தாளும் கடிகாரமும் அளவு நாடாவும் போதும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் செங்கோங் இலை தின்னி, கூட்டமாக நகரும், குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தைப் பார்த்து மூன்றே விஷயம் குறிக்கச் சொல்லுங்கள்: எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன செய்கிறது. குரங்கு தென்படாத பத்து நிமிடத்தையும் “இல்லை” என்று எழுத வேண்டும். மாணவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த “இல்லை”யைத்தான். அது விட்டுப்போனால் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட முடியாது.

அடுத்து, அந்த இடத்தில் என்னென்ன மரம் எத்தனை என்றும் எண்ணுங்கள். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவை போதும். நூறு மரத்தில் 12 அத்தி வகை, 60 தடவை உண்டதில் 24 தடவை அத்தி என்று வைத்துக்கொள்வோம். உண்ட பங்கு 0.40, இருக்கும் பங்கு 0.12. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.28க்குக் கீழ் 0.52, அதாவது 0.54. ஒன்றை நெருங்கினால் தேடிப் போகிறது, பூச்சியத்தை ஒட்டி இருந்தால் கிடைத்ததைத் தின்கிறது, கழித்தல் குறி வந்தால் ஒதுக்குகிறது. இவ்லெவ் குறியீடு என்பது இதுதான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கே கைவரும் கணக்கு.

ஓர் எச்சரிக்கை. ஒரே அத்தி மரத்தில் பத்துக் குரங்கு உண்டால் அது பத்துப் பதிவல்ல, ஒன்றுதான். ஒன்றைப் பார்த்து மற்றவை வந்திருக்கும். பத்து மீட்டருக்குள் நெருங்க வேண்டாம், ரொட்டியும் இனிப்புப் பழமும் கொடுக்கவே கூடாது. இலையை நொதிக்க வைக்கும் அதன் வயிற்றில் மாவும் சர்க்கரையும் அமிலமாகி உப்பிப்போகும்.

சாலையைக் கடக்கும் இடங்களைத் தனித் தாளில் குறியுங்கள். தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019இல் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். பாலத்துக்கு இடம் தேர, குரங்கு வழக்கமாக எங்கே கடக்கிறது என்ற பதிவுதான் வேண்டும்.

கே: பத்துக் கிலோ சியாக்காப் தூண்டிலில் மாட்டினால் விட்டுவிடச் சொல்கிறார்கள். ஏன்?
— வாசகர், பட்டர்வொர்த்

ப: ஊரில் கொடுவா என்று சொல்லும் இந்த மீன் பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுக்குப் பின் பெண்ணாக மாறும். பத்துக் கிலோ என்றால் அநேகமாகப் பெண், பல மில்லியன் முட்டை சுமப்பது. இரண்டு மூன்று கிலோ மீனை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், குழம்புக்கும் அதுதான் ருசி. விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக் கிடையாகப் பிடியுங்கள். தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் அந்த எடையே உள்ளுறுப்பைக் குலைத்துவிடும். தொண்டைக்குள் போன தூண்டில் முள்ளைப் பிடுங்காமல், அதை ஒட்டித் தூண்டில் நரம்பை வெட்டுங்கள். கெராப்புவுக்கு (களவா மீன்) கணக்கு தலைகீழ், அது பெண்ணாகத் தொடங்கி ஆணாகும்.

கே: கோம்பாக் ஆற்றில் பிடித்த பண்டாராயா மீனை (தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி) சாப்பிடலாமா? திரும்ப விட்டுவிடலாமா?
— வாசகர், செந்தூல்

ப: இரண்டும் வேண்டாம். நகரத்து ஆற்றின் அடிச்சேற்றை மேய்வதால் அதன் உடம்பில் உலோகங்கள் சேர வாய்ப்பு அதிகம். தென்னமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்தது, முட்டையிடக் கரையில் வளை தோண்டிக் கரையைச் சரிக்கிறது. காற்றை விழுங்கி வயிற்றின் வழியே சுவாசிப்பதால் கரையில் போட்டுவிட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். தலையில் அடித்துக் கொன்று, குழி வெட்டிப் புதையுங்கள்.