கொலுசைக் கழற்றிய வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் கணவரும் பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறோம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு ஒன்பது மாதம் முடியப்போகிறது. குழந்தைக்கு எந்த இசையைக் கேட்கவைப்பது, எந்தப் பொம்மைகளை வாங்குவது, எவை வீண் செலவு என்று நீங்கள் ஒரு பட்டியல் தந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். இப்போது காலை முதல் இரவு வரை ஸ்பீக்கரில் மூளை வளர்ச்சிக்கான மொசார்ட் இசை ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியார் பாட்டுப் பாடும் வாக்கர் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். என் அம்மா தென்காசியிலிருந்து மரச்செப்பும் நடைவண்டியும் வெள்ளிக் கொலுசும் அனுப்பினார். கொலுசுச் சத்தம் அலுவலகக் கூட்டங்களில் கேட்கிறது என்று கணவர் சொன்னதால் அதைக் கழற்றி வைத்துவிட்டோம். தூளியில் போடுவது சரியா, மின்தொட்டில் வாங்கலாமா, உணவு ஊட்டும்போது எத்தனை நிமிடம் கைபேசி காட்டலாம் என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் ஆறேழு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டோம் என்ற வரி. குழந்தையின் பருவங்களைப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஓர் உரைக்காக இரண்டு வாரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில் உடனே வருகிறது. அதனால்தான் நீங்கள் கேட்ட பட்டியல் இதில் இல்லை.

சில கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கைபேசிக்கு நிமிடக் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எழுதிவைத்திருக்கிறது. ஆகவே கணக்கு சுழியம். மின்தொட்டில் வேண்டாம். தூளியில் வளர்ந்த தலைமுறை நான், அதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் துணியின் வளைவில் குழந்தையின் மோவாய் நெஞ்சோடு மடங்கினால் மூச்சு தடைப்படக்கூடும் என்பதும், எழுந்து உட்காரக் கற்ற பிள்ளை தூளியிலிருந்து தலைகுப்புற விழும் என்பதும் உண்மை. பக்கத்தில் ஆள் இருந்தால் ஆட்டுங்கள். தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றி, மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

வாக்கர் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். படித்த இருவர் இருக்கும் வீட்டில் அந்தப் பொருள் ஒரு நாள் இருந்ததே தவறு. கனடா 2004இலேயே அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது. நிற்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கு அது சக்கரம் கொடுக்கிறது. ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் போகும். நீங்கள் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளை மாடிப்படியின் விளிம்பிலோ மேசை விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டோ நிற்கும்; அந்த விரிப்பின் மேல் சூடான காப்பி இருக்கும். நடையையும் அது கற்றுத்தருவதில்லை. மாமியாரின் மனம் நோகாமல் அதை அகற்றும் வழி உங்களுக்குத் தெரியாவிட்டால் கணவரிடம் விடுங்கள். அது அவருடைய அம்மா வாங்கியது.

நடைவண்டி வேறு. அது எழுந்து நிற்கும் பிள்ளைக்கானது. பிள்ளை தள்ளினால்தான் வண்டி போகும், பிள்ளை நின்றால் வண்டியும் நிற்கும். உங்கள் மகள் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கட்டும், அதுவரை வண்டி மூலையில் இருக்கட்டும். குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டும் முக்காற் சிறுதேரைச் சங்க நூலான பட்டினப்பாலை சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் அந்தத் தேரின் வழியை மறித்தது, உலர்த்திய உணவைக் கவர வந்த கோழியின் மேல் பெண்கள் வீசிய காதணி. உங்கள் வீட்டில் அது சார்ஜர் ஒயராக இருக்கும்.

இனி மொசார்ட். 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு பக்க ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் இரண்டு பியானோக்களுக்கான மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டார்கள். அதன்பின், மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளைச் சற்று நன்றாகப் போட்டார்கள். கால்மணி நேரத்தில் அந்த விளைவு மறைந்தது. அவ்வளவுதான். அந்த ஆய்வில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டுக் கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கும்படி சட்டமன்றத்தைக் கேட்டார். அன்று தொடங்கிய வணிகம்தான் இன்று உங்கள் ஸ்பீக்கரில் ஓடுகிறது. மொசார்ட் எனக்கும் பிடிக்கும். உங்களுக்குப் பிடித்தால் நீங்கள் கேளுங்கள், மடியில் மகள் இருக்கட்டும். மூளை வளரும் என்று காலை முதல் இரவு வரை ஓடவிட்டால் அது மிக்சி சத்தத்தோடு சேர்ந்த இன்னொரு சத்தம், அவ்வளவே.

கொலுசுக்கு வருகிறேன். பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் ஒன்று புலப்படும். ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் பிள்ளை ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுகிறது, அணிகள் ஒலிக்கின்றன. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் கை கொட்டும்படி புலவர் மன்றாடுகிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழில் வரும் சிறுபறையில் பறை முழக்கச் சொல்கிறார். வயதில் மூத்த, கற்றறிந்த ஒரு மனிதர் கைகூப்பி நின்று, ஒரு சிறு பிள்ளையிடம் ஒலி எழுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறார். பெரியவர்கள் நாவை ஆட்டிப் பாட, பிள்ளை கேட்டுத் தூங்கும் தாலப்பருவம் அவற்றில் ஒன்றே ஒன்றுதான். காலில் தண்டையும் கொலுசும், இடையில் அரைமணி, கையில் கிலுகிலுப்பை, முன்னால் நடைவண்டி என்று நம் வீடுகளில் இருந்த எல்லாவற்றிலும் ஒலிப்பது பிள்ளை, கேட்பது பெரியவர்கள். இன்று கடையில் உங்கள் முன் அடுக்கப்படுபவற்றில் ஒலிப்பது பொருள், கேட்பது பிள்ளை. பொத்தானைத் தொட்டால் போதும், இருபது பாட்டைப் பொம்மையே பாடி முடிக்கும். நீங்களும் கேட்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அதை விற்கிறார்கள்.

பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால், 1969இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கரோலின் ரோவீ-கோலியர் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டு மூன்று மாதக் குழந்தைகளின் கணுக்காலில் ஒரு நாடாவைக் கட்டி, அதன் மறுமுனையைத் தொட்டிலுக்கு மேலே தொங்கும் ஆடுபொம்மையில் கட்டினார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களில் குழந்தைகள் இதைக் கண்டுகொண்டு முன்னைவிட இரண்டு மூன்று மடங்கு உதைக்கத் தொடங்கின. பொம்மையை வேறொருவர் ஆட்டி, குழந்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது உதை கூடவில்லை. பின்னர் அவர் தொடர்ந்து செய்த ஆய்வுகளில், மூன்று மாதப் பிள்ளைகள் சில நாள் கழித்தும் அந்தப் பொம்மையைக் கண்டதும் காலை உதைத்தன. கணுக்காலில் கட்டிய அந்த நாடாவுக்குத் தென்காசியில் கொலுசு என்று பெயர். காலை அசைத்தேன், சத்தம் வந்தது, அம்மா திரும்பிப் பார்த்தாள் என்று ஒரு பிள்ளை கண்டுபிடிப்பதைவிடப் பெரிய மூளை வளர்ச்சி எந்த ஸ்பீக்கரில் வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். நீங்கள் இருவரும் அதைக் கழற்றி, பருத்தியில் சுற்றி, பீரோவில் வைத்துவிட்டீர்கள்.

எங்கள் வீடு அம்பாசமுத்திரத்தில். 1968ஆம் ஆண்டு என் தம்பிக்கு ஒரு வயது, எனக்கு எட்டு. கண்புரை முற்றிப் பார்வை போயிருந்த ஆச்சிதான் அவனைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்றே நாங்கள் சொல்வோம், அந்தச் சொல்லில் யாருக்கும் முரண் தெரிந்ததில்லை. பட்டாசல் என்ற கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே அவன் இருக்கும் இடத்தைச் சொல்லுவாள். சிமெண்டுத் தரையில் கொலுசு ஒரு விதமாகக் கேட்கும், புறவாசல் மண்ணில் இன்னொரு விதமாக; நிலைப்படியைத் தாண்டும்போது இரண்டு கொலுசும் சேர்ந்து ஒரு முறை அடங்கி எழும். சத்தம் நின்றால்தான் அவளுக்குப் பயம். "ஏலே, சத்தத்தக் காணல, போய்ப் பாரு" என்பாள். போய்ப் பார்த்தால் அவன் மண்ணைத் தின்றுகொண்டிருப்பான், அல்லது விளக்கு எண்ணெயில் இரண்டு கையையும் முக்கியிருப்பான்.

ஒரு நாள் கொலுசின் திருகாணி தொலைந்தது. நகை செய்யும் பத்தரிடம் கொடுத்தோம். நாளை தருகிறேன் என்றவர், பத்தர்களின் வழக்கப்படி, எட்டு நாள் எடுத்துக்கொண்டார். முதல் நாள் உச்சி வேளைக்குள் ஆச்சி தவித்துப்போனாள். பிள்ளையைக் காணோம் என்று மூன்று முறை அலறினாள். மூன்று முறையும் அவன் அவளுக்கு இரண்டு முழத் தொலைவில்தான் இருந்தான். கடைசியில் தன் இடுப்பிலிருந்த, அரிசி இருக்கும் உள்ளறையான அரங்கின் சாவிக்கொத்தை எடுத்து அவன் அரைஞாணில் கட்டிவிட்டாள். அந்த எட்டு நாளும் அரிசி எடுக்க அம்மா முதலில் தம்பியைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் சாவியைக் கட்டாதீர்கள். ஆச்சியின் காதும் உங்களுக்கு இல்லை.

நடைவண்டி வந்ததும் அப்படித்தான். கடைசல் பட்டறைக்காரர், "எண்ணெய் போட்டுராதீய, சத்தம் இருந்தாத்தான் அது வண்டி" என்று சொல்லித்தான் கொடுத்தார். அப்பா ஒழுங்கு விரும்பும் மனிதர். இரண்டாம் நாளே அச்சில் விளக்கெண்ணெய் விட்டார். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அவர் அலுவலகம் போனதும் என்னைக் கூப்பிட்டு, அச்சில் ஒரு சிட்டிகை ஆற்றுமணலைப் போடச் சொன்னாள்.

இவ்வளவும் தெரிந்த நான், 1993இல் சென்னையில் என் மகளின் கொலுசைக் கழற்றச் சொன்னேன். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். கொலுசு இடைஞ்சலாக இருக்கிறது என்று மனைவியிடம் கத்தினேன். அவள் மறுபேச்சின்றிக் கழற்றினாள். பிள்ளை இரண்டு மூன்று நாள் காலைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, பிறகு விட்டுவிட்டது. பதிலுக்கு நான் பேட்டரியில் மேளம் அடிக்கும் குரங்கு ஒன்றை வாங்கிவந்தேன். அந்த நாவலை இன்று யாரும் படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. உங்கள் கணவரின் மேல் எனக்கு வரும் கோபத்தில் பாதி யார் மேல் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பொம்மைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். அம்மா அனுப்பிய மரச்செப்பே போதும். அதன் அரக்குச் சாயம் கடைசலில் சுழலும் மரத்தின் சூட்டில் உருகிப் பிடிப்பது, மேலே பூசிய பெயிண்ட் அல்ல. மேலும் வேண்டுமென்றால் உங்களுக்கு 60 கிலோமீட்டரில் மரப்பொம்மைகளுக்குப் பேர்போன சென்னபட்டணா இருக்கிறது. எங்கே வாங்கினாலும் பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகும் சிறு உருப்படிகளை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். பேட்டரிப் பொம்மை யாராவது பரிசளித்தால் 2021 முதல் கட்டாயமாகியிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும், பேட்டரி மூடியைத் திருப்புளி இல்லாமல் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். காசு போன்ற அந்தச் சிறு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சத்தம் அதிகமென்றால் ஒலி வரும் துளைகளின் மேல் செலோடேப்பை ஒட்டுங்கள், பாதி அடங்கும். பாட்டு எதுவென்று கேட்டீர்கள். நீங்கள் நானூறு முறை கேட்டாலும் சலிக்காதது எதுவோ அது. சமைக்கும்போது நீங்களே முணுமுணுப்பது எதுவோ அது.

கூட்டங்களில் சத்தம் கேட்கிறது என்பது ஒரு பிரச்சினையே அல்ல. ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் கணவரின் கணினியில் இருக்கிறது, பேசும்போது மட்டும் திறக்கட்டும். அவருடன் கூட்டத்தில் இருப்பவர்கள் ஒரு குழந்தை நடமாடுவதை எப்போதாவது கேட்டுவிட்டால் அவர்களுக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

கொலுசை இந்த வாரமே எடுத்து, முத்துகள் ஏதேனும் ஆடுகின்றனவா, திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு பத்தரிடம் காட்டுங்கள். கழன்று விழும் முத்து நேரே வாய்க்குத்தான் போகும். பெங்களூர் நகரத்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளை தருகிறேன் என்று சொன்னால் நம்பி விட்டுவிட்டு வராதீர்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.