ஸ்கீ டூரிங்கில் பனிப்பிளவுக்குள் விழுந்தால் பிழைக்க முடியுமா?

கேள்வி: பனியாற்றின் மேல் ஸ்கீயில் போகும்போது பனிப்பாலம் உடைந்து பிளவுக்குள் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? பிழைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. ஆனால் விழுந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும், விழும் நொடியில் உங்கள் உடம்பில் என்ன மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதுகுப்பையின் அடியில் கிடக்கும் கருவி இல்லாத கருவிதான். அதனால் விழுவதற்கு முன்னாலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் பிளவைப் பற்றி. பனியாறு மெல்ல நகர்கிறது. அடியில் பாறை மேடிட்டு வளையும் இடத்தில் மேல்பகுதிப் பனிக்கட்டி வளைந்து கொடுக்க முடியாமல் விரிசல் விடுகிறது. 20, 30 மீட்டர் ஆழம் சாதாரணம். அதன் வாயைக் குளிர்காலப் பனி மூடிவிடும்; அதுதான் பனிப்பாலம். மேலிருந்து பார்த்தால் சமவெளி மாதிரிதான் தெரியும். கீழே போகப்போகச் சுவர்கள் நெருங்கி வரும். விழுந்த உயரத்தைப் போலவே கொடியது இந்த நெருக்கம். விழுந்த வேகத்தில் மார்பு இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல் சிக்கிக்கொள்ளும். உடற்சூட்டில் சுவர் லேசாக உருகும், உடம்பு இன்னும் ஓரிரு அங்குலம் வழுக்கும், உருகிய நீர் மறுபடி உறையும். மூச்சு விடவிட இறுக்கம் கூடிக்கொண்டே போகும்.

பனியாற்றில் கால் வைக்கும் முன்பே ஹார்னெஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டைக்கச்சை) போட்டிருக்க வேண்டும், கயிறு கட்டாமல் போகும் நாளிலும். ஹார்னெஸின் முன்வளையத்தில் ஒரு நீண்ட ஸ்லிங்கை, அதாவது வளையமாகத் தைத்த நாடாவைக் கோத்து, அதன் மறுமுனையில் பூட்டுக் காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டி, அதை முதுகுப்பையின் தோள்பட்டியில் செருகி வையுங்கள். நெருக்கத்தில் சிக்கியவரின் இடுப்பைத் தொடவே முடியாது, தோள் எட்டும். மேலிருந்து வரும் கொக்கியை அங்கே மாட்டிவிடலாம். இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஐஸ் ஸ்க்ரூ (பனிக்கட்டியில் திருகிப் பொருத்தும் உலோகத் திருகு), எந்தக் கை மாட்டிக்கொண்டாலும் மற்றக் கைக்கு எட்டும்படி. தலையில் ஹெல்மெட். போனும் வாக்கிடாக்கியும் சட்டைப் பைக்குள். பனிச்சரிவுக்கான பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி) நாள் முழுக்க இயங்கட்டும். பாலத்தோடு சேர்ந்து விழுந்த பனி உங்களை மூடிவிட்டால் விரைவில் தேடிப் பிடிக்க அதுதான் நல்ல வழி. கைத்தடிகளின் மணிக்கட்டு வாரில் கையை நுழைக்காதீர்கள்.

கயிறு ஒருவர் பையில் மட்டும் இருக்கக் கூடாது. அவரே விழுந்தால் கயிறும் போயிற்று. இதைவிடப் பெரிய பாடம் அண்டார்க்டிகாவில் நடந்திருக்கிறது. 1912 டிசம்பர் 14 அன்று ஆய்வுப் பயணிகள் மாசன், மெர்ட்ஸ், நின்னிஸ் மூவரும் ஒரே பனிப்பாலத்தைக் கடந்தார்கள். ஸ்கீயில் முன்னே சென்ற மெர்ட்ஸ் தப்பினார். சறுக்குவண்டி மேல் உட்கார்ந்து போன மாசனும் தப்பினார். தன் வண்டிக்குப் பக்கத்தில் காலால் நடந்து வந்த நின்னிஸ் நாய்களோடும் வண்டியோடும் உள்ளே போனார். உணவில் பெரும்பகுதியும் கூடாரமும் அந்த ஒரே வண்டியில் இருந்தன. எடை பரவினால் பாலம் தாங்கும், பாதத்தில் குவிந்தால் உடையும். ஆகவே சாப்பிடவோ, படம் எடுக்கவோ, ஸ்கின் (ஏற்றத்தில் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) கழற்றவோ நிற்கும்போது கண்டபடி ஸ்கீயைக் கழற்றாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ப்ரோப் கம்பியால் சுற்றிலும் குத்திப் பார்த்த இடத்தில் மட்டும்.

இனி, கயிறில்லாமல் விழுந்துவிட்டீர்கள், உயிரோடு ஒரு இடுக்கிலோ திட்டிலோ நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அசையாதீர்கள். நீங்கள் நிற்கும் பனித்திட்டு பெரும்பாலும் தரை இல்லை; இடையில் சிக்கி நிற்கும் இன்னொரு பாலம். முகத்திலும் வாயிலும் உள்ள பனியைத் துடைத்துவிட்டு, மார்புக்கு மேலே கை எட்டும் உயரத்தில் பொருபொருவென்ற மேற்பரப்பைச் சுரண்டி, கெட்டியான பனிக்கட்டி தெரிந்ததும் ஐஸ் ஸ்க்ரூவை முழுக்கத் திருகுங்கள். தோளில் செருகியிருக்கும் அந்த ஸ்லிங்கை எடுத்து அதில் மாட்டி, தொய்வில்லாமல் சுருக்குங்கள். இதற்கு முன் வேறு எதுவும் செய்ய வேண்டாம். கத்திக் கூப்பிடுவதுகூட அப்புறம்தான்.

அதன் பிறகுதான் ஸ்கீ. அது குறுக்கே சிக்கி உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கலாம், அவசரப்பட்டுக் காலை விடுவித்தால் ஆதாரமே போய்விடும். கழற்றினால் ஸ்லிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். முதுகுப்பையையும் அப்படியே. பையின் மேலேயே வைத்திருந்த கனத்த ஜாக்கெட்டை இப்போதே போடுங்கள். நடுங்கத் தொடங்கிய பிறகு விரல்கள் ஜிப்பைப் பிடிக்காது. உள்ளே போன் சிக்னல் கிடைப்பது அரிது, குரலும் மேலே சரியாக எட்டாது. வாக்கிடாக்கி இருந்தால் அதுதான் கை கொடுக்கும். கயிறு இறங்கி வரும் என்ற நம்பிக்கை இருந்தால் சுவர் ஏற முயலாதீர்கள்.

மேலே இருப்பவர்களுக்கு வேலை அதிகம். விழுந்த துளையை நோக்கி ஓடுவதுதான் முதல் தவறு; விளிம்பு அடியில் குடைந்து தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் மீட்புப் படையைக் கூப்பிடட்டும், ஐரோப்பாவில் 112. இன்னொருவர் ஸ்கீயைக் கழற்றாமல் குத்திக் குத்திப் பிளவின் திசையைக் கண்டுபிடிக்கட்டும். விளிம்பிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி நங்கூரம்: இழுவிசைக்குக் குறுக்காகக் கெட்டிப் பனியில் அரை மீட்டர் பள்ளம், இளகிய பனியென்றால் இன்னும் ஆழம். இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துக் கிடத்தி, நடுவில் ஸ்லிங் சுற்றி, ஸ்லிங் வெளியே வர விளிம்புப் பக்கம் ஒரு குறுகிய வாய்க்கால் வெட்டி, மூடி மிதிக்க வேண்டும். ஸ்கீயின் எஃகு ஓரம் ஸ்லிங்கை அறுக்கும், அந்த இடத்தில் கையுறையோ துணியோ வையுங்கள். வாய்க்காலை ஆழமாக வெட்டாவிட்டால் இழுக்கும்போது ஸ்கீ மேலே பிய்த்துக்கொண்டு வரும். இதில் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தாலும் தப்பில்லை.

கயிறு விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்தால் எந்தப் பலமும் பலிக்காது. கைத்தடியையோ பையையோ விளிம்பில் குறுக்கே வைத்து, அது நழுவாமல் கட்டிவிட்டு, அதன் மேல் கயிற்றை விடுங்கள். கீழே இருப்பவர் நினைவோடு இருந்தால் எளிய வழி, கயிற்றின் ஒரு முனையை நங்கூரத்தில் கட்டி, கப்பியும் பூட்டுக் காரபினரும் கோத்த வளையமாக இறக்குவது. அவர் அதைத் தன் ஹார்னெஸில் மாட்டிக்கொண்டால் பாதி எடைதான் உங்களுக்கு. 30 மீட்டர் கயிறு இம்முறையில் 10 மீட்டர் ஆழத்துக்குச் சற்று மேல் எட்டும். அதைவிட ஆழம் என்றால் ஒற்றைக் கயிறு இறக்கி மூன்று மடங்கு இழுவை (கைவிசையை மூன்று மடங்காக்கும் கப்பி அமைப்பு) அமைக்க வேண்டும். பேருக்குத்தான் மூன்று மடங்கு. கப்பி இல்லாமல் வெறும் காரபினரில் ஓட்டினால் உராய்வு போகக் கைக்குக் கிடைப்பது இரண்டை ஒட்டித்தான். விளிம்பு உராய்வு அதற்கு மேல். எனவே நல்ல கப்பி இரண்டு, திரும்ப வழுக்காத கயிற்றுப்பிடி ஒன்று கையில் இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் மெல்லிய கயிறு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதில் சாதாரண ப்ரூசிக் முடிச்சு (கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் முடிச்சு) வழுக்கும். அந்தக் கயிற்றுக்கே உரிய பிடிப்பான் வேண்டும்.

ஆப்பாகச் சிக்கியவரை மூர்க்கமாக இழுக்காதீர்கள். சிக்கிய கோட்டிலேயே மேல்நோக்கி லேசான இழுவை கொடுத்து, மேலும் வழுக்காமல் தாங்கிப் பிடித்தாலே பெரிய உதவி. சுற்றியுள்ள பனிக்கட்டியை உடைத்து எடுப்பது மீட்புப் படையின் கருவிகளுக்கான வேலை.

கயிறு கட்டி விழுந்தவர் தானே ஏறலாம். கயிற்றில் இரண்டு பிடிகள்: மேல் பிடி ஹார்னெஸுக்கு, கீழ்ப் பிடி பாதத்துக்கு. எழுந்து நின்று மேலதை நகர்த்தி, உட்கார்ந்து கீழதை நகர்த்த வேண்டும். சில மீட்டருக்கு ஒரு முறை கீழே கயிற்றில் காப்பு முடிச்சுப் போட்டு ஹார்னெஸில் மாட்டுங்கள். கஷ்டம் முழுவதும் கடைசி ஒரு மீட்டரில். 1913 ஜனவரியில் தனியாக நடந்த மாசன் இப்படித்தான் பிளவில் தொங்கினார். கயிற்றில் போட்டிருந்த முடிச்சுகளைப் பிடித்து விளிம்புவரை ஏறியும், விளிம்பு உடைந்து மறுபடி விழுந்து, இரண்டாம் முறைதான் வெளியே வந்தார். பிறகு நூலேணி ஒன்று செய்து அதன் முனையைத் தோளில் போட்டபடியே நடந்தார்.

வெளியே எடுத்தவரை நடக்க விடாதீர்கள். உடல் மிகவும் குளிர்ந்திருந்தால், முக்கியமாக உள்வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே போயிருந்தால், ஒரு முரட்டு அசைவே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். படுக்க வைத்து, அடியில் பையும் கயிறும் விரித்து, ஈர உடைக்கு மேல் காற்றுப் புகாத உறை சுற்றுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். மூச்சும் துடிப்பும் தெரியவில்லை என்பதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு நிமிடம் வரை பொறுத்துச் சோதித்து, இல்லையென்றால் மார்பழுத்தம் தொடங்கி, ஹெலிகாப்டர் வரும்வரை தொடருங்கள்.