பிரிட்டன் பத்திரிகைகள் யார் கையில்? கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனில் இத்தனை நாளிதழ்கள் வருகின்றனவே, முதலாளிகளும் அத்தனை பேரா?

பதில்: விரல்விட்டு எண்ணிவிடலாம். சன், டைம்ஸ், சண்டே டைம்ஸ் மூன்றும் ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கின் குடும்பத்திடம். டெய்லி மெயில், மெட்ரோ, ‘ஐ’ என்ற நாளிதழ் ஆகியவை ரோதர்மியர் பிரபுவிடம். தொழிற்கட்சிப் பக்கம் சாயும் மிரரும் அக்கட்சியை நாள்தோறும் தாக்கும் எக்ஸ்பிரஸும் 2018 முதல் ஒரே நிறுவனத்தின் சொத்து. ஃபைனான்ஷியல் டைம்ஸை 2015இல் ஜப்பானின் நிக்கேய் 84.4 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது.

கேள்வி: ஏகபோகத்தைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

பதில்: சட்டத்துக்குக் குறைவில்லை, அதைப் பயன்படுத்தும் மனம்தான் ஆளுக்கு ஆள் மாறும். 1981இல் டைம்ஸை வாங்க வந்தபோது முர்டாக்கிடம் ஏற்கெனவே சன் இருந்தது. ஏகபோக ஆணையத்தின் விசாரணைக்குப் போயிருக்க வேண்டிய விவகாரம். பத்திரிகை நட்டத்தில் ஓடுகிறது என்ற விதிவிலக்கைக் காட்டி அமைச்சர் ஜான் பிஃபன் அனுமதி கொடுத்துவிட்டார். அந்த ஜனவரியில் பிரதமர் தாட்சர் தம் ஓய்வில்லமான செக்கர்ஸில் முர்டாக்குடன் மதிய உணவு உண்டதற்கான குறிப்பு 2012இல்தான் வெளிவந்தது. விருந்தில் பேரம் நடந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் 31 ஆண்டுகள் மூடிவைக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: டெலிகிராஃப் விவகாரத்தில் மட்டும் அரசு ஏன் அத்தனை வேகம் காட்டியது?

பதில்: வாங்க வந்த பணம் அபுதாபியுடையது. உரிமையாளரான பார்க்லே குடும்பம் கடனைக் கட்டாததால் 2023இல் லாயிட்ஸ் வங்கி டெலிகிராஃப் நாளிதழைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அபுதாபிப் பணத்தின் துணையோடு ரெட்பேர்ட் ஐஎம்ஐ என்ற முதலீட்டு நிறுவனம் அந்தக் கடனை அடைத்தது. ஆளுங்கட்சி எம்.பி.க்களே கொதித்தெழுந்தார்கள், 2024இல், வெளிநாட்டு அரசுகள் நாளிதழ்களை உடைமையாக்கக் கூடாதெனச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே 15 விழுக்காடு வரை வைத்திருக்கலாம் என்று தளர்த்தினார்கள். வேற்று நாட்டு அரசு என்றால் பதறுகிறவர்கள் உள்ளூர்க் கோடீஸ்வரர் என்றால் கண்டுகொள்வதில்லை என்பது என் மனக்குறை.

கேள்வி: தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலுக்குப் பிறகாவது கட்டுப்பாடு வந்ததா?

பதில்: வந்தது, பல் இல்லாமல். பிறருடைய தொலைபேசிச் செய்திகளை ஒட்டுக்கேட்டுச் சிக்கிய முர்டாக்கின் வார இதழ் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் 2011 ஜூலையில் மூடப்பட்டது. பத்திரிகைகளின் நடத்தையை விசாரித்த நீதிபதி லெவிசன் 2012இல் அறிக்கை தந்தார். அங்கீகாரம் பெற்ற ஒழுங்கமைப்பில் சேராத பத்திரிகை, வழக்கில் வென்றாலும் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரிடும் என்று 2013இல் ஒரு சட்டப்பிரிவு எழுதினார்கள். அதை ஒரு நாள்கூட நடைமுறைக்குக் கொண்டுவராமல் 2024இல் நீக்கிவிட்டார்கள். பெரிய பத்திரிகைகள் பலவும் தாங்களே பணம் கொடுத்து நடத்தும் இப்ஸோ என்ற கண்காணிப்பு அமைப்பில் இருக்கின்றன. கார்டியன், ஃபைனான்ஷியல் டைம்ஸ், இண்டிபெண்டன்ட் ஆகியவை அதிலும் இல்லை.

கேள்வி: அந்த இப்ஸோவால் என்னதான் செய்ய முடியும்?

பதில்: பத்து லட்சம் பவுண்டு வரை அபராதம் விதிக்க முடியும் என்று விதி சொல்கிறது. நடப்பு வேறு. 2016 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற அரசி ஆதரவு என்று சன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அரண்மனை புகார் செய்தது. தலைப்பு வாசகரைத் திசைதிருப்புகிறது என்று மே மாதம் தீர்ப்பானது. சன் அந்தத் தீர்ப்பை இரண்டாம் பக்கத்தில் அச்சிட்டது. முதல் பக்கத்தில் அதற்கொரு சிறு சுட்டி. அரசிக்கே இவ்வளவுதான் என்றால் சாதாரணக் குடிமகனுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: இணையத்துக்கு மாறிப் பிழைத்தவர் உண்டா?

பதில்: உண்டு, ஆளுக்கொரு வழியில். டைம்ஸ் 2010இல் இணையதளத்துக்குக் கட்டணம் வைத்தது. அன்று சிரித்தவர்கள் பலர், இன்று அவர்களும் கட்டணம் கேட்கிறார்கள். கார்டியன் இணையதளத்தைப் பூட்டாமல் வாசகரிடம் நன்கொடை கேட்கிறது. பின்னால் அதன் உரிமையாளரான ஸ்காட் அறக்கட்டளையின் நிதி இருப்பதால் அது முடிகிறது. இண்டிபெண்டன்ட் 2016 மார்ச்சில் அச்சையே நிறுத்திவிட்டது. மாலை நாளிதழாக இருந்த ஈவினிங் ஸ்டாண்டர்ட் 2009இல் இலவசமாகி, 2024இல் வார இதழாகச் சுருங்கியது.

கேள்வி: உள்ளூர்ப் பத்திரிகைகள்?

பதில்: அங்கேதான் அடி பலம். வீடு, வேலை, பழைய கார் விளம்பரங்களே அவற்றின் சோறு. அதை இணையம் கொண்டுபோய்விட்டது. நீதிமன்றத்திலும் நகரசபையிலும் போய் உட்கார நிருபர் இல்லாத ஊர்கள் பெருகின. அதனால் 2017 முதல் பிபிசியே, தொலைக்காட்சி பார்ப்போர் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து, உள்ளூர்ப் பத்திரிகைகள் நிருபர்களை அமர்த்தப் பணம் கொடுக்கிறது.