பழைய வண்டி, நிறைய கிலோமீட்டர்: கேளுங்கள், சொல்கிறேன்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பதினோரு வருடம் ஒர்க்‌ஷாப்பில் கை கறுக்க வேலை பார்த்தவன். சொந்தமாக வைத்திருந்த கார்கள் நான்கு, நான்கும் மூன்றாம் கை, நான்காம் கை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கார்புரேட்டர் வைத்துப் பெட்ரோலைக் காற்றில் கலக்கும் பழைய வண்டியும், பெட்ரோலைப் பீய்ச்சும் ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வண்டியும் எனக்குத் தெரியும். ஆரம்பிக்கும் முன்பே ஒன்று: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இன்று இதைப் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்: உங்களை ரொம்பப் படுத்திய வண்டி எது சார்? அதைத்தான் ரொம்பப் பிடிக்குமா?

இரண்டாவது வண்டி. அதே பதில்தான் இரண்டு கேள்விக்கும்.

அதன் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அப்படி எத்தனை சுற்று சுற்றியது என்று எனக்கு விற்றவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. டிரைவர் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பிடியை இழுக்க வேண்டும். ஒரு மழைநாளில் கண்ணாடி இறக்கும் கைப்பிடியும் கழன்று கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு கியர் கம்பியைத் தாண்டி அடுத்த சீட்டுக்கு ஏறி, அந்தப் பக்கமாக இறங்கினேன். அப்புறம் இரண்டு மாதம் அதுவே வழக்கமாகிவிட்டது.

பெரிய தலைவலி, எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். உள்ளே மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனால், சுற்றும் பாகத்தில் இருக்கும் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தைச் சரியாகத் தொடாது. மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டினால் பிரஷ் கொஞ்சம் நகர்ந்து தொடும், வண்டி கிளம்பும். இதற்காகவே சீட்டுக்கு அடியில் துணி சுற்றிய சுத்தியல் ஒன்று கிடந்தது. மனைவி சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார், நான் பானெட்டுக்குள் குனிந்து இரண்டு தட்டு தட்டுவேன். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே. இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது தன் வண்டிக்கு அடியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒருநாள் சொந்தக்காரர் ஒருவரின் புது வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் சாவியைப் போட்டதும் கேட்டாள்: "யார் தட்டுவா?"

பிரஷ் மாற்ற அரை நாள் போதும். மூன்று வருடம் மாற்றாமல் ஓட்டினேன். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

நீலப்புகை: காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை. அப்புறம் இல்லை. 2,40,000 ஓடிய பெட்ரோல் வண்டி. எஞ்சின் இறக்க வேண்டுமா?

வேண்டாம். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது, காய்ந்து இறுகிப்போன வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றிய ரப்பர்) வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். காலையில் அது எரிகிறது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் விடாமல் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, அது பெரிய செலவு. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப்புகை, அதில் ஒரு தித்திப்பு வாசனை என்றால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், உள்ளே போய் எரிகிறது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை ஆயில் குடித்தால் சகஜம் என்று சில கம்பெனிக் கையேடுகளே சொல்கின்றன. பழைய வண்டி புகை விட்டுச் சாவதில்லை, ஆயில் தீர்ந்தது தெரியாமல் ஓட்டுவதால்தான் சாகிறது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள்.

அத்தை வண்டி: ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

முடியாது. எஞ்சின் சுற்றினால்தான் அந்தக் கியர் பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தமே வரும். பேட்டரிக்கு ஜம்பர் வயர் தேடுங்கள்.

வெயில்காரன்: அண்ணா, வெயிலில் நீண்ட தூரம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்தி, திரும்ப எடுத்தால் கிளம்பவே மாட்டேன் என்கிறது. அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. கார்புரேட்டர் வண்டி.

அது வேப்பர் லாக். ஓடும்போது காற்றும் புது பெட்ரோலும் பம்பைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் எஞ்சின் சூடு முழுக்க பெட்ரோல் பம்பில் ஏறும், குழாயில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். அந்தப் பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஈரத்துணியைப் பம்ப் மேலும் குழாய் மேலும் போடுங்கள். சைலன்சர் பக்கம் துணி படக்கூடாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருந்து அதிக அழுத்தத்தில் தள்ளுவதால் இந்தத் தொல்லை அபூர்வம்.

பெட்ரோல் குழாயில் வரிசையாகத் துணிக் கிளிப் மாட்டினால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் உண்டு. நானும் ஒரு டஜன் மாட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இருந்தது.

மாமா சொன்னார்: எஞ்சின் சூடாகிறது என்றால் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதுதான். எங்கள் மாமா இருபது வருடம் அது இல்லாமலே ஓட்டினார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மாமாவுக்கு என் வணக்கம். ஆனால் தப்பு.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவைக்கும். பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதைக் கழற்றினால் எஞ்சினுக்குச் சூடேறவே நேரமாகும். சிலிண்டர் சீக்கிரம் தேயும், ஆயிலில் ஈரம் தங்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்னும் மோசம், எஞ்சின் குளிர்ந்தே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

பம்ப்செட்: சார் சொல்வது சரி. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், ரேடியேட்டரில் நின்று குளிர நேரம் கிடைக்காது. அதனால்தான் சூடாகும்.

என் பக்கம் பேச வந்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் தப்பு. தண்ணீர் வேகமாக ஓடினால் அதிகச் சூடுதான் வெளியே போகும், குறையாது. ஒரு சுற்றில் குறைவாகக் குளிர்ந்தாலும், அதே தண்ணீர் அடிக்கடி ரேடியேட்டருக்குள் வருகிறதே.

சில வண்டிகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பிறகு சூடு கூடுவது உண்மைதான், காரணம் வேறு. அவற்றில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

மாமா சொன்னார்: அதெல்லாம் ஏட்டுக் கணக்கு சார். இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் கழற்றி ஓட்டியதே இல்லையா?

ஓட்டியிருக்கிறேன். மூன்றாவது வண்டி. நடுவழியில் முள் சிவப்புக்குப் போனது. தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகிவிட்டது. கையில் புதிது இல்லை, கழற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் வண்டி வழக்கத்தைவிட அதிகம் பெட்ரோல் குடித்தது, டெம்பரேச்சர் முள் அடியைவிட்டு எழவே இல்லை. அவசரத்துக்குக் கழற்றலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட் இன்னும் இருக்கிறதா? ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். அடியைத் தொடக்கூடாது. என்ன ஆகிறது என்று வந்து சொல்லுங்கள்.

எரிமலை: வண்டி சூடாகும்போது உள்ளே ஹீட்டரை முழுதாக வைத்தால் எஞ்சின் குளிரும் என்கிறார்கள். கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. ஹீட்டர் என்பதே டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள்ளும் ஓடும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூடு உங்கள் முகத்துக்கு வரும், அந்த அளவு எஞ்சினில் குறையும். ஒரு கோடை மதியம், நான்கு கண்ணாடியும் கீழே, ஹீட்டர் முழு வேகத்தில், பின்சீட்டில் மூன்று விருந்தாளிகள். நாற்பது கிலோமீட்டர் அப்படி வந்தோம். இறங்கும்போது ஒருவர் சட்டையைப் பிழிந்தார், நிஜமாகவே தண்ணீர் சொட்டியது. அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வண்டியில் ஏறவில்லை.

ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே தண்ணீரே இல்லை என்று அர்த்தம். உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அப்புறம், மூடியைத் திறக்காதீர்கள்.

அவசரம்: மூடியைத் திறந்தால் என்னதான் ஆகும்?

குக்கரில் விசில் அடங்காமல் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அதேதான். அந்த மூடி உள்ளே சுமார் ஒரு பார் அழுத்தம் தாங்கும், அதனால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போகும், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே வரும். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையனின் முழங்கை வரை தோல் உரிந்ததை நேரில் பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஓஸைக் கையால் அழுத்தினால் தளர்வாகவும் ஆறியும் இருக்க வேண்டும். அதுவரை காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும்.

மெதுவாப் போ: பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. பழகிவிட்டது. பழைய வண்டியின் குணம்தானே?

இல்லை. குணம் என்பது கதவு திறக்காதது, ரேடியோ தானாகப் பாடுவது, ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுவது. பிரேக் அந்தப் பட்டியலில் சேராது. லைனில் காற்று, கசிவு, தேய்ந்த மாஸ்டர் சிலிண்டர், அட்ஜஸ்ட் செய்யாத பின் டிரம், எதுவாகவும் இருக்கலாம். பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை: ஒரு கார் அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966ல் வாங்கிய வால்வோ பி1800 காரை 2013ல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார். ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். கிரீஸில் தெசலோனிக்கி நகர டாக்ஸிக்காரர் கிரெகோரியோஸ் சஹினிடிஸின் 1976 மெர்சிடிஸ் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி 2004ல் கம்பெனியின் மியூசியத்துக்குப் போனது. அவர் வாங்கியதே பழைய வண்டியாகத்தான். எனக்கு அவர்தான் நெருக்கம்.

பம்ப்செட்: அந்த டாக்ஸியில் எஞ்சினைப் பலமுறை மாற்றினார்களே, அது கணக்கில் வருமா?

வரும். செருப்புக்கு அடிமாற்றினால் நடந்த தூரம் குறைந்துவிடுமா?

நீலம் 2: நீலப்புகை வருகிறது, எஞ்சின் இறக்க வேண்டுமா?

மேலே படியுங்கள்.

புதுசு: ஹைபிரிட் வண்டியின் பேட்டரி எத்தனை வருடம் வரும்?

எனக்குத் தெரியாத பாடம். அந்த வேலை பார்ப்பவரைக் கேளுங்கள்.

தயக்கம்: 2,20,000 ஓடிய வண்டி வாங்கினேன். டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று என்றார் விற்றவர், பில் இல்லை.

பில் இல்லை என்றால் மாற்றவில்லை. பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது இந்த பெல்ட்தான். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட்டோடு போகும். பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், இரண்டு தடவை கழற்றும் கூலி மிச்சம்.

புகைவண்டி: என் வண்டியில் நீலமாக...

மேலே. ஐயா, மேலே.

மாமா சொன்னார்: சார், பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பத்து நிமிடம் ஆகியும் திறக்கவே இல்லை.

அப்படிச் சொல்லுங்கள்! மாமா கழற்றியது செத்துப்போன தெர்மோஸ்டாட். மூடியே கிடந்ததால் வண்டி சூடானது, கழற்றியதும் சூடு குறைந்தது. அவர் பார்த்தது நிஜம். புதிது ஒன்று வாங்கிப் போட்டிருந்தாலும் அதே சூடு குறைந்திருக்கும், பெட்ரோலும் மிச்சமாகியிருக்கும்.

புதிது மாட்டும்போது ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் இருக்கட்டும். தட்டில் சின்ன ஓட்டை இருந்தால் அது மேல்பக்கம் வரவேண்டும், காற்று வெளியேற வழி. கேஸ்கட் புதிது போடுங்கள், பழையதில் பசை தடவி ஒப்பேற்றாதீர்கள். மாட்டும் முன் புதியதையும் ஒருமுறை அதே பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். கூலண்ட் ஊற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு மூடுங்கள். இன்றைக்கு மூடியைத் திறக்கச் சொல்வது இது ஒரு தடவைதான். மாமாவிடமும் சொல்லுங்கள்.